தீனி எடுக்காத பன்றியை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள்

எங்கள் கால்நடை மருந்தகத்தில் காலையில் ஒரு வரிசை உண்டு. மாடு பிடித்து வந்தவர்கள் முதலில், அப்புறம் ஆட்டுக்காரர்கள், கோழிக்கு மருந்து கேட்டு வருகிற அக்காமார், நாய்க்கு ஊசி போட வருகிற பிள்ளைகள். எல்லோரும் போன பிறகு, அதுவரை மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒருவர் மெதுவாக உள்ளே வருவார். குரலைத் தாழ்த்தி, "சாரே, ரெண்டு நாளாட்டு ஒண்ணு தீனி எடுக்கல்ல" என்பார். என்ன பிராணி என்று நான் கேட்பதில்லை. பன்றிதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ளும் வீட்டுக்குப் பின்னாலும் ஐந்தும் பத்துமாகப் பன்றி வளர்க்கிற குடும்பங்கள் பல. மே, ஜூனில் குட்டி வாங்கிவிட்டால் கிறிஸ்துமஸுக்கு எடை ஏறிவிடும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்பது கணக்கு. ஆனால் நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து பஞ்சாயத்துக்கு மனு போய்விடுமோ என்கிற பயம் வருஷம் முழுக்க இருக்கும். அப்படிப் பயந்தே வளர்ப்பதால் நோய் வந்தாலும் மூச்சு விடுவதில்லை. "ரெண்டு நாளாட்டு" என்கிறாரே, அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு டிசம்பர் மாதம் இப்படித்தான் ஆனது. மொத்தம் 14 பன்றி வைத்திருந்தவர். ஒன்று படுத்துவிட்டது. காது ஓரமும் வயிறும் சிவந்திருந்தன. கேரளாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்கிற வைரஸ் நோய் வந்த பண்ணையில் பன்றிகளை மொத்தமாகக் கொன்று புதைப்பதை அவர் போனில் வீடியோவாகப் பார்த்திருக்கிறார். அதுதான் இங்கேயும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி, இராத்திரியோடு இராத்திரியாக வியாபாரியைக் கூப்பிட்டு அதையும் இன்னொன்றையும் பாதி விலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். மறுநாள் இன்னும் இரண்டு படுத்தன. மனைவி சத்தம் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தார்.

நான் போனபோது இரண்டுக்கும் காய்ச்சல் 106 டிகிரி. முதுகில் கையை வைத்துத் தடவினால் சதுரம் சதுரமாகத் தடிப்புகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தட்டுப்பட்டன. எரிசிபெலாஸ் என்கிற பாக்டீரியா நோயின் அடையாளம் அது. இரத்த மாதிரி எடுத்தேன். முடிவு வரும்வரை ஒரு குட்டிகூட வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பென்சிலின் போட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் இரண்டும் எழுந்து கஞ்சி குடித்தன. பழைய, விலை குறைந்த மருந்துதான். விற்ற இரண்டையும் அதே ஊசி காப்பாற்றியிருக்கும்.

அது பாக்டீரியாவாக இல்லாமல் உண்மையிலேயே அந்த வைரஸாக இருந்திருந்தால்? வண்டியில் ஏறிப் போன அந்த இரண்டு பன்றியும், வண்டியின் தட்டும், வியாபாரியின் கையும் எத்தனை வீட்டு வாசலுக்குப் போயிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இதில் நம் மொழியே ஒரு சிக்கலைச் செய்கிறது. மூன்று தனித்தனி நோய்களைப் 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயரில் சொல்கிறோம். 2009-இல் உலகம் முழுக்கப் பரவியது மனிதருக்கு வருகிற ஃப்ளூ. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. இரண்டாவது, இங்கே காலங்காலமாக இருக்கிற பன்றிக் காய்ச்சல். அதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்றாவது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அதற்கு நம் நாட்டில் போடத் தடுப்பூசியும் இல்லை, வந்தால் மருந்தும் இல்லை. "நான் ஊசி போட்டாச்சு சாரே, எனக்க பன்னிக்கு ஒண்ணும் வராது" என்று சொல்கிறவரிடம் எந்த ஊசி என்று கேட்டால், இரண்டாவது நோய்க்கானதாக இருக்கும். அதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அது மூன்றாவதைத் தடுக்காது. ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது. பன்றி மட்டுமே சாகும், ஆனால் கூட்டமாகச் சாகும்.

நம் நாட்டில் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் அது. 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பண்ணைகளுக்கு வந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்ததற்கும் அதுவே காரணம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகவும் அதன் இரு பக்கத்து ஊர்ப் பாதைகள் வழியாகவும் குட்டியும் இறைச்சியும் எவ்வளவு சுலபமாக வந்து போகின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வைரஸ் காற்றில் தூரம் பறந்து வருவதில்லை. பெரும்பாலும் நாம்தான் தூக்கிக்கொண்டு வருகிறோம். இராத்திரி பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு பெரிய ஓட்டலின் பின்வாசலில் நின்று பாருங்கள். நாலைந்து பேருடைய நீல டிரம்கள் வரிசையாக இருக்கும். ஒரே வாளியால் மொண்டு எல்லா டிரம்மிலும் ஊற்றுவார்கள். எந்த டிரம் யாருடைய கொட்டகையிலிருந்து வந்தது, கழுவினார்களா என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் மிஞ்சியதும் அதில் சேரும், பன்றி இறைச்சித் துண்டும் சேரும். உறைய வைத்த இறைச்சியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்த இரத்தத்தில் 18 மாதம்கூட இருந்திருக்கிறது.

ஓட்டல் கழிவே கொடுக்காதே என்று சொல்வது எனக்குச் சுலபம். விலைக்குத் தீவனம் வாங்கிப் பத்துப் பன்றியை வளர்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்வது இதுதான்: இறைச்சி கலந்ததைத் தனியாகப் பிரிக்க முடிந்தால் அதை வாங்கவே வேண்டாம். மீதியைக் கொதிக்க வையுங்கள். ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடக் கூடாது. கொதித்தபடி ஒரு மணி நேரம், அடி வரைக்கும் கிளறிக்கொண்டே. ரப்பர் விறகும் தென்னை மட்டையும் கிடைக்கிற ஊர் இது. பச்சைக் கழிவு வந்த வாளியும் வெந்த தீனி போகிற வாளியும் வேறு வேறாக இருக்கட்டும். பலர் காய்ச்சுகிறார்கள், அப்புறம் அதே பச்சை வாளியில் ஊற்றி எடுத்துப் போகிறார்கள். காய்ச்சிய வேலை வீண்.

அடுத்தது செருப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரே பூட்ஸோடு ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குப் போயிருக்கிறேன். அன்று என் காலில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இன்றும் அது மனதை உறுத்துகிறது. இப்போது ஒவ்வொரு இடத்துக்கும் பூட்ஸ் மேல் போட வேறு உறை, போகும்முன் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுதல். சேறு ஒட்டிய காலை மருந்துத் தண்ணீரில் முக்கினால் பலன் இல்லை, சேறுதான் நனையும். வாசலில் திறந்தபடி வைக்கிற மருந்துத் தொட்டி நம் ஊரின் இரண்டு மழைக்காலத்துக்கும் நிற்காது, ஒரே மழையில் நீர்த்துப் போகும். அதைவிட நல்ல வழி, கொட்டகைக்குள் மட்டும் போடுகிற ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அது அந்தப் படியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. டாக்டர், வியாபாரி, சொந்த மச்சான், யார் வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே. வியாபாரி உள்ளே வரவே வேண்டாம் என்பேன், பன்றியை வெளியே கொண்டுவந்து காட்டுங்கள்.

புதுக் குட்டி வாங்கினால் 30 நாள் தனியாக. இணை சேர்க்க ஊரெல்லாம் ஒரே ஆண் பன்றியைக் கொண்டு போவதை நிறுத்துங்கள். கீரிப்பாறை, பேச்சிப்பாறை மலையோரத்தில் காட்டுப்பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், கறிக்கு என்று எடுத்து வராதீர்கள்.

செத்த பன்றியைச் சானலில், அதாவது கால்வாயில், விடுவதுதான் எனக்குக் கோபம் வருகிற காரியம். கீழே எத்தனை வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரில் கொட்டகை கழுவுகிறார்கள்! அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். இந்த நோயில் இரத்தம் முழுக்க வைரஸ், ஒரு துளி மண்ணில் விழுந்தாலும் போதும். மூடி வையுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதை நாங்கள் கூட இருந்து செய்து தருவோம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நோய் உறுதியாகி அரசு கொல்லச் சொல்கிற பன்றிக்கு இழப்பீடு உண்டு. மறைத்து வைத்துத் தானாகச் செத்த பன்றிக்கும், இராத்திரியில் விற்ற பன்றிக்கும் அது கிடையாது.

வீட்டில் ஒரு காய்ச்சல் மானி வாங்கி வையுங்கள். நல்ல பன்றிக்குச் சூடு 102, 103 டிகிரி இருக்கும். காலையில் ஒன்று தொட்டிக்கு வரவில்லையா, பின்புறத்தில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். 104-ஐத் தாண்டினால் அதைத் தனியே கட்டிவிட்டு, மற்றவற்றை நகர்த்தாமல், உங்கள் ஊர் மருந்தகத்துக்கோ 1962 என்கிற கால்நடை உதவி எண்ணுக்கோ அன்று காலையிலேயே போன் செய்யுங்கள். வாசலில் செருப்பை எடுத்து வையுங்கள், நாங்கள் வந்து போட்டுக்கொள்கிறோம்.