கட்டுப்பாடு தவறும் காம்ப்ளிமென்ட்: ஏ-எச்யூஎஸ் நோய்

சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் ரத்தசோகை, தட்டணுக்களின் சரிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதே ஹீமோலிட்டிக் யுரீமிக் சின்ட்ரோம் (எச்யூஎஸ்). குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியாவே காரணம். அந்த நச்சுக்குத் தொடர்பின்றி, நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதியான காம்ப்ளிமென்ட் (கிருமிகளைத் தாக்கும் ரத்தப் புரதங்களின் தொகுதி) கட்டுப்பாடு தவறுவதால் வரும் அரிய வகையைத்தான் ஏ-எச்யூஎஸ் (‘அடிபிக்கல்’, அதாவது வழக்கத்துக்கு மாறான எச்யூஎஸ்) என்கிறோம்.

ரத்தத்தில் உள்ள சி3 என்னும் காம்ப்ளிமென்ட் புரதம், கிருமி எதுவும் இல்லாத நேரத்திலும் சிறிதளவு தானாகவே உடைந்து, அருகிலுள்ள செல்களின் மேல் ஒட்டிக்கொண்டேயிருக்கும். கிருமியின் மேல் ஒட்டினால் அங்கே சி3 மேலும் மேலும் படிந்து பெருகும். நம் செல்களின் மேல் ஒட்டினாலோ ஃபேக்டர் எச், ஃபேக்டர் ஐ, எம்சிபி ஆகிய புரதங்கள் அதை உடனே செயலிழக்கச் செய்துவிடும். இப்புரதங்களுக்கான மரபணுக்களில் பிறழ்வு இருந்தாலோ, ஃபேக்டர் எச்சுக்கு எதிராக உடலே ஆன்டிபாடிகளை உருவாக்கினாலோ இந்தத் தடை தளர்ந்துபோகிறது. அப்போது காம்ப்ளிமென்ட் நம் செல்களையே தாக்க, நுண்குழாய்களின் (மிகச் சிறிய ரத்தக் குழாய்களின்) உட்சுவர் சிதைந்து தட்டணுக்கள் உறைகட்டிகளாகத் திரள, அடைபட்ட குழாய்களின் வழியே நெருக்கியடித்துச் செல்லும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. நுண்குழாய்கள் செறிந்த சிறுநீரகமே இதில் அதிகம் அடிபடுகிறது.

பிறழ்வு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஒரு தொற்றோ, மகப்பேறோ அதைத் தூண்டிவிடக்கூடும்.

இந்நோயை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. ரத்தப் பூச்சில் தலைக்கவச வடிவில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரியும். செல்கள் சிதையும்போது வெளிவரும் எல்டிஎச் நொதி உயர்ந்திருக்கும், சிதைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் ஹாப்டோகுளோபின் புரதம் குறைந்திருக்கும், சிவப்பணுக்களின் மேல் ஆன்டிபாடிகள் ஒட்டியுள்ளனவா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை பொதுவாக எதிர்மறையாக வரும். ரத்த உறைவைக் கட்டுப்படுத்த உதவும் ஆடம்ட்ஸ்-13 நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அது, இதைப் போலவே நுண்குழாய்களில் உறைகட்டிகளை உண்டாக்கும் டிடிபி என்னும் வேறு நோய். பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) செலுத்தும் சிகிச்சை இந்த அளவை மாற்றிவிடும்; ஆகவே அதற்கு முன்பே இந்தச் சோதனைக்கான ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். சி3 அளவு இயல்பாக இருக்கிறது என்பதற்காக ஏ-எச்யூஎஸ் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மரபணுச் சோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

முன்பு நோயாளியின் பிளாஸ்மாவை நீக்கிக் கொடையாளரின் பிளாஸ்மாவைச் செலுத்தும் பிளாஸ்மா மாற்றுதான் முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. 2011இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப் என்னும் மருந்து, காம்ப்ளிமென்ட் தாக்குதலின் இறுதிக் கட்டத்தைத் தொடங்கும் சி5 புரதம் உடைபடுவதைத் தடுக்கிறது. அதன்பின் வந்த ராவுலிசுமாப் நீண்ட இடைவெளியில் செலுத்தக்கூடியது. இம்மருந்துகளால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றின் அபாயம் பெருமளவு கூடுவதால், அதற்கெதிரான தடுப்பூசி கட்டாயம். ஆன்டிபாடியால் வந்த நோய்க்கு, பிளாஸ்மா மாற்றுடன் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் பயன்படுகின்றன.

சிறுநீரக மாற்று செய்யும்போதும் எந்த மரபணுவில் பிறழ்வு என்பது முக்கியம். எம்சிபி செல்லின் மேலேயே இருக்கும் புரதம் என்பதால், புதிய சிறுநீரகம் நலமான எம்சிபியுடனேயே வருகிறது. அதனால் நோய் திரும்புவது குறைவு. ஃபேக்டர் எச்சையோ பெரும்பாலும் கல்லீரலே சுரப்பதால், சி5-ஐத் தடுக்கும் மருந்து இல்லாவிட்டால் புதிய சிறுநீரகத்தையும் அதே நோய் தாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.