புளோரொளிர்வில் புளோரீன் எங்கே?

வெள்ளவத்தையில் ஒரு விஞ்ஞான உரை. உயிருள்ள கலங்களுக்குள் இரசம், ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோக அயன்களைக் காட்டிக்கொடுக்கும் நனோத் துணிக்கை உணரிகள் பற்றியது. பேச்சாளர் வாய்க்கு வாய் 'புளோரொளிர்வு' என்றார். ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் உமிழும் 'புளோரசென்ஸ்' என்பதற்கான தமிழ் அது. முடிவில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப கலத்துக்குள்ள புளோரீனையும் போடுறமா சேர்?" பிள்ளையில் பிழையே இல்லை. சொல் அப்படித்தான் கேட்க வைக்கிறது.

'புளோரசென்ஸ்' என்ற பெயரை 1852இல் வைத்தவர் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து எடுத்தார். அந்தக் கல்லின் பெயர் 'ஓடுதல்' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உலோகம் உருக்கும்போது கசடை இளக்கி ஓடவைக்க அதைச் சேர்ப்பார்கள். புளோரீனுக்கும் பெயர் கொடுத்தது இதே கல்தான். உறவு அவ்வளவே.

ஸ்டோக்ஸ் ஆராய்ந்த, மலேரியா மருந்தான குவினைனில் புளோரீன் கிடையாது. ஆய்வுகூடங்களில் பெயர்போன சாயமான புளோரசீன்கூட வெறும் காபன், ஐதரசன், ஒட்சிசன்தான். அட, அந்தக் கல்லின் நீல ஒளிர்வுக்கே காரணம் பெரும்பாலும் அதில் மாசாகக் கலந்த யூரோப்பியம் என்ற உலோகம்! ஆங்கிலக்காரர் அந்தப் பெயரோடு பழகிவிட்டார்கள். நாம் ஏன் அதன் முன்பாதியை வெட்டி 'ஒளிர்வு'க்கு முன்னால் ஒட்டவேண்டும்? ஆங்கிலத்தில் படிக்கப்போகும் பிள்ளைக்கு உதவும் என்பார்கள். சரி, அப்படியானால் முழுசாகப் 'புளோரசென்ஸ்' என்றே சொல்லிவிடலாமே. அரைச்சொல் இரண்டு பக்கத்துக்கும் ஆகாது.

'உடனொளிர்வு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. குறுகிய அலைநீள ஒளியை விழுங்கி, நீண்ட அலைநீளத்தில் உடனே உமிழ்வது. பெரும்பாலும் சில நனோசெக்கன்களுக்குள். வெளிச்சத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். நிறுத்திய பிறகும் நீடிப்பது நின்றொளிர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு விளங்கும். வெறும் 'ஒளிர்வு' போதாது, மின்மினியும் ஒளிர்கிறது.

உணரியின் வேலையும் அப்போது எளிதாகப் புரியும். காபன் புள்ளிகள் போன்ற பல துணிக்கைகளில், இரச அயன் மேற்பரப்பில் ஒட்டியதும் உடனொளிர்வு தணிகிறது. சிலவற்றை அயன் வந்தால் பிரகாசிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் அந்த மாற்றத்தைத்தான் பார்க்கிறோம்.

இதற்காக என்னைத் தனித்தமிழ்க்காரன் என்று நினைக்கவேண்டாம். 'நனோ' இருக்கட்டும். நனோத் துணிக்கையை 'நுண்துகள்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களோடும் எனக்குச் சண்டைதான். காற்று மாசுச் செய்திகளில் 2.5 மைக்ரோமீற்றர் தூசும் 'நுண்துகள்', கலத்துக்குள் போகும் 5 நனோமீற்றர் துணிக்கையும் 'நுண்துகள்'. ஒன்று மற்றதைவிட 500 மடங்கு பெரிது.