மொத்தம் சரி, விவரம் எங்கே?

2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. 1,800 ரூபாய் சட்டைக்கு முந்தின நாள் வரை 12 சதவீதம், அதாவது 216 ரூபாய் வரி. விடிந்தால் 5 சதவீதம், 90 ரூபாய். கடையின் கணக்கு சாஃப்ட்வேரில் 12-ஐ அழித்துவிட்டு 5 போட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் செப்டம்பர் 18-ல் மொத்தமாக வாங்கிப்போன பார்ட்டி, அக்டோபரில் பத்துச் சட்டையைத் திருப்பி அனுப்புகிறார். அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில், அதாவது பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டில், பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். அழித்தது அழித்ததுதான் என்றால் அது எங்கிருந்து வரும்?

அதனால் நல்ல கணக்கு சாஃப்ட்வேர் வரி விகிதத்தை ஒற்றை எண்ணாக வைத்துக்கொள்ளாது. எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வரிசையாக வைத்திருக்கும். பில்லின் தேதியைப் பார்த்து உரிய விகிதத்தை எடுக்கும். புதிய பதிப்பு வரும்போது திரையின் நிறமும் பட்டனும் மாறியதைத்தான் நாம் பார்க்கிறோம். பெரிய மாற்றம் அடியில், தகவலை அடுக்கும் விதத்தில் நடக்கிறது.

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரையே எடுத்துக்கொள்வோம். 2023-ல் வந்த அதன் டேலிபிரைம் 3.0 பதிப்பில் ஒரே கம்பெனிக்குள் பல ஜிஎஸ்டி பதிவுகளை, மாநிலத்துக்கு ஒன்றாக, வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கோவையில் ஆலை, பெங்களூரில் குடோன் என்று இருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் இதற்கு, ஒவ்வொரு வவுச்சரும் (ஒரு விற்பனை, ஒரு பணம் கொடுத்தது என்று கணக்கில் எழுதும் ஒவ்வொரு குறிப்பும்) தான் எந்த ஜிஎஸ்டி பதிவைச் சேர்ந்தது என்று தன்னுள்ளேயே சொல்ல வேண்டும். பழைய வவுச்சர்களில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. அதனால்தான் பழைய டேட்டாவைத் திறந்ததும் 'மைக்ரேட்' செய்யச் சொல்கிறது. ஒவ்வொரு வவுச்சராகப் படித்து, புது அமைப்புக்கு மாற்றி எழுதுகிற வேலை அது. புரோகிராமை நிறுவ பத்து நிமிடம் போதும். பல வருஷக் கணக்கை மாற்றி எழுத மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசாக நிற்கும் ஆபத்து உண்டு. முதலில் பேக்கப், அதையும் வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ஆரம்பிப்பது என்ற வழக்கம் இதனால் வந்ததுதான். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, மாற்றியது ஒழுங்காக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரட்டைப் பதிவு முறை இங்கே நமக்கு இலவசமாக ஒரு சோதனையைத் தருகிறது. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு. எல்லாக் கணக்கின் மீதியையும் பற்று, வரவு என்று பட்டியலிடும் ட்ரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும். ஒரு வவுச்சரின் ஒரு பாதி தொலைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முழு வவுச்சரே தொலைந்தால்? இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும். கணக்கு கச்சிதமாக டேலி ஆகும்! ஆகவே புதிய அறிக்கையின் இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது போதாது. பழைய பதிப்பில் எடுத்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, லெட்ஜர் லெட்ஜராக, அதாவது ஒவ்வொரு கணக்காக, ஒப்பிட வேண்டும். வவுச்சர் எண்ணிக்கையையும் சேர்த்து.

அதிலும் தப்பிக்கிற பிழை உண்டு. வேறொரு நிறுவனத்தின் சாஃப்ட்வேருக்கு மாறும்போது பழைய பில்களை விட்டுவிட்டு, பாக்கியை மட்டும் ஓப்பனிங் பேலன்ஸாக, அதாவது தொடக்க இருப்பாக, ஏற்றுவது பலர் எடுக்கும் குறுக்குவழி. ஒரு பார்ட்டி தர வேண்டியது 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அது மூன்று பில்: 60,000, 75,000, 45,000. மூன்றுக்கும் வேறு வேறு தேதி. ஒரே தொகையாக ஏற்றினால் ட்ரையல் பேலன்ஸ் பைசா சுத்தமாக வரும். எந்தப் பில் கெடு தாண்டியது என்று கேட்டால் சாஃப்ட்வேரிடம் பதில் இருக்காது. நாம் மற்றவர்களுக்குத் தர வேண்டிய கணக்கில் இது இன்னும் வலிக்கும். குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடு தாண்டி, பணமும் அடுத்த நிதியாண்டில்தான் போகிறது என்றால், அந்தச் செலவை இந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பில் வாரியாக விவரம் இல்லாமல் அந்த 45 நாளை எங்கிருந்து எண்ணுவது?

அப்புறம் பெயர்கள். 'ஸ்ரீ' என்று தொடங்கும் கடையை ஆங்கிலத்தில் எஸ்-ஆர்-ஐ என்று ஒருவர் அடித்திருப்பார், எஸ்-ஆர்-இ-இ என்று இன்னொருவர். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணை வைத்துச் சேர்ப்பது நல்லது. அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாலும் கணக்கு இடிக்கும்.

கொஞ்ச நாள் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது பாதுகாப்பான வழி. அக்கவுண்டன்டுக்கு இரட்டை வேலை, முணுமுணுப்பார், நியாயம்தான். ஆனால் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவாகும் பில், போடுகிற நிறுவனங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு, வணிக நிறுவனங்களுக்குப் போடும் பில்லில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அது கட்டாயம். அரசுத் தளம் பில்லுக்குத் தரும் 64 எழுத்து எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்து பிறக்கிறது. இரண்டு சாஃப்ட்வேரும் ஒரே பில்லை அனுப்பினால் இரண்டாவதைத் தளம் திருப்பிவிடும். ஆகவே அரசுத் தளத்தோடு பேசுவது ஏதாவது ஒன்றாக மட்டும் இருக்கட்டும்.

எந்த நாள் வரை பழையதற்குத் திரும்பலாம் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. பழைய பதிப்பால் புதிய அமைப்பில் எழுதிய டேட்டாவைப் படிக்க முடியாது. புதியதில் மட்டும் பில் போட ஆரம்பித்துவிட்டால், திரும்புவதென்றால் அத்தனையையும் பழையதில் மறுபடி கையால் ஏற்ற வேண்டும். முதல் நாளில் அது பத்துப் பதினைந்து பில். இரண்டு வாரம் கழித்து யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.