மெஷ்: சூடேற்றும் தரையில் வலுவூட்டு வலையும் தாங்குவலையும்

சூடேற்றும் தரைக்கான வரைபடங்களில் ‘மெஷ்’ என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சுடுநீர் ஓடும் குழாயை இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது ஒன்று; கான்கிரீட்டில் விழும் வெடிப்பு விரியாமல் இழுத்துப் பிடிப்பது மற்றொன்று. கிடக்கும் உயரத்தைப் பொறுத்தே ஒரு வலை இவற்றில் எதைச் செய்யும் என்பது அமைகிறது. அதனால் தமிழில் இதற்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

மெஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு டச்சிலும் ஜெர்மனிலும் உறவுச் சொற்கள் உண்டு. மூன்று மொழிகளிலும் அது மீன்வலையோடு தொடர்புடையது. வலையின் நூலைவிட நூல்களுக்கு நடுவே உள்ள திறப்பையே முதலில் குறித்தது. தமிழில் அந்தத் திறப்புக்கு ‘கண்’ என்று பெயர்: வலைக்கண், சிறுகண் வலை. எனவே ‘150 மெஷ்’ என்பதை ‘150 மி.மீ. கண் வலை’ என்று தாராளமாகச் சொல்லலாம். கம்பியின் மையத்திலிருந்து அடுத்த கம்பியின் மையம் வரை அளப்பதே கண்ணின் அளவு.

இந்தச் சொல் வேலையிடத்திலும் உதவும். குழாய் பதிப்பவர்கள் டேப்பை விரித்துக்கொண்டிருப்பதில்லை, கண்களை எண்ணித்தான் குழாயை ஓட்டுகிறார்கள். 150 கண் வலையில் குழாய்களின் இடைவெளி 150 அல்லது 300 மி.மீ. என்றுதான் அமையும். வடிவமைப்பு 200 கேட்டால் 100 கண் வலை வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வலை வாங்கிவிட்டால் ஒவ்வொரு வரிசையும் கோணலாகும், தரையில் சூடு திட்டுத் திட்டாகத் தெரியும்.

வெறும் ‘கம்பிவலை’ என்றால் பூச்சு வேலைக்கு வைக்கும் கோழிவலையும் அதில் அடங்கிவிடும். இங்கே தேவைப்படுவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வைத்து, சந்திக்கும் புள்ளிதோறும் பற்றவைத்தது. பொருளின் பெயர் ‘பற்றவைத்த கம்பிவலை’ என்றிருக்கட்டும். வெடிப்பைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு ‘வலுவூட்டு வலை’, குழாயைப் பிடிக்கும் வேலைக்கு ‘தாங்குவலை’. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வைக்கும் முறைக்கு ஜோசப் மோனியே 1867இல் பிரான்சில் காப்புரிமை பெற்றபோது, அவர் செய்துவந்தது கம்பிவலை பதித்த செடித்தொட்டிகள். அந்த வகையில் வலுவூட்டலின் தொடக்கத்திலேயே வலை இருக்கிறது.

சூடேற்றும் தரையின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘ரேடியன்ட்’ என்பதைக் ‘கதிர்வீச்சுத் தரை’ என்று பெயர்த்தால் படிப்பவர் அணுக்கதிரை நினைத்துக்கொள்வார். ‘தரைச் சூடேற்றம்’ போதும்.

இனி உயரம். கான்கிரீட் காயும்போது மேற்பரப்புதான் முதலில் உலர்ந்து சுருங்குகிறது, வெடிப்பும் அங்கிருந்தே கிளம்புகிறது. 100 மி.மீ. தளத்தில் வலுவூட்டு வலை மேல் மூன்றில் ஒரு பங்குக்குள், மேலிருந்து ஏறக்குறைய 30 மி.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். வெப்பக்காப்புப் பலகையின் மேல் படுத்துக் கிடக்கும் வலை எவ்வளவு தடித்த கம்பியாக இருந்தாலும் தாங்குவலைதான். ‘கான்கிரீட் ஊற்றும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம்’ என்பதை நம்ப வேண்டாம். தூக்கிய வலையை அடுத்த நிமிடமே யாராவது மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். முதலிலேயே வலையை உயர்த்தித் தாங்கும் சிறு கட்டையான கவர் பிளாக் அல்லது கம்பியை வளைத்துச் செய்த கம்பி நாற்காலி வைத்து நிறுத்துங்கள். சரியான உயரத்தில் நின்றாலும் வலை வெடிப்பு வராமல் தடுக்காது, வந்த வெடிப்பை மயிரிழையாகவே வைத்திருக்கும். வெப்பக்காப்பின் மேல் போடும் மெல்லிய ஸ்கிரீட்டுக்கு (தரையை மட்டமாக்கும் சிமென்ட் கலவை அடுக்கு), ஜெர்மன் தரவிதியான டின் 18560 வலுவூட்டலை அடிப்படைத் தேவையாகக் கொள்வதில்லை. அங்கே வலை போட்டால் அது பெரும்பாலும் குழாய்க்காகத்தான்.

இரும்பு வெப்பத்தைப் பரப்பித் தரையைச் சீராகச் சூடாக்கும் என்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மி.மீ. கம்பியின் குறுக்குப்பரப்பு 12.6 ச.மி.மீ. 150 மி.மீ. அகலமும் 60 மி.மீ. தடிமனும் உள்ள ஸ்கிரீட்டின் பரப்பு 9,000 ச.மி.மீ. அதில் இரும்பின் பங்கு 0.14 சதவீதம். கான்கிரீட்டைவிட இரும்பு சுமார் 35 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தினாலும், மொத்தத்தில் கூடுவது 5 சதவீதம்தான். சூடு சீராக வேண்டுமென்றால் குழாய் இடைவெளியைக் குறைப்பதே வழி.

குழாயை நேர் ஓட்டத்தில் 50 முதல் 75 செ.மீ.க்கு ஒரு கட்டும், ஒவ்வொரு வளைவிலும் மூன்று கட்டும் போட்டுப் பிணைக்க வேண்டும். கட்டு குறைந்தால் ஊற்றும்போது குழாய் மிதந்து மேலே வரும். கான்கிரீட்டைவிட நீர் நிரம்பிய குழாய் இலேசானது. பிளாஸ்டிக் பட்டையே நல்லது. கட்டுக்கம்பி பயன்படுத்தினால் குழாயை நெரிக்காத அளவுக்கு மட்டும் முறுக்கி, நுனியைக் கீழ்நோக்கி மடக்கிவிடுங்கள். குழாய் சூட்டில் நீளும், இறுக்கிய கம்பி அதை அறுக்கும். வலையை வெட்டிய முனைகள் இன்னும் ஆபத்தானவை. அவற்றையும் மடக்கிவிட்டு, வலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு முழுக் கண்ணுக்குக் குறையாமல் மேலேற்றிக் கட்டுங்கள்.

அதிகம் தவறு நடக்கும் இடம் விரிவு இணைப்பு, அதாவது தளம் சூட்டில் நீள்வதற்காக விடும் இடைவெளி. 8 மீட்டர் தளம் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். இரும்பும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிவதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாது. ஆனால் இணைப்பைத் தாண்டி வலையைத் தொடர்ந்து ஓட்டினால் இணைப்பு பூட்டப்பட்டுவிடும், தளம் தானே தேர்ந்த வேறிடத்தில் வெடிக்கும். எனவே இணைப்பில் வலையை வெட்டுங்கள். குழாய் மட்டும், 30 செ.மீ. உறைக்குழாய்க்குள் அதைக் கடந்து போகட்டும். கான்கிரீட் சுருங்கும்போது வெடிப்பு ஒரே கோட்டில் விழுவதற்காக ரம்பத்தால் கீறும் சுருக்க இணைப்பு தடிமனில் கால்பங்கு, அதாவது 100 மி.மீ. தளத்தில் 25 மி.மீ. இறங்கும். குழாய் அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

ஊற்றும் நேரம் முழுவதும் குழாயில் 4 முதல் 6 பார் அழுத்தம் வைத்து அழுத்தமானியைக் கண்பார்வையில் வையுங்கள். கம்பி நுனி குத்தினால் முள் உடனே இறங்கும், ஈரக் கான்கிரீட்டை விலக்கி அப்போதே ஒட்டுப்போட்டுவிடலாம். சிமென்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள் கழித்துத்தான் சூடேற்றத் தொடங்கலாம்: முதலில் 20 முதல் 25 பாகை நீர் 3 நாள், பிறகு வடிவமைப்பின் உச்ச வெப்பநிலையில் 4 நாள்.