அக்கிக்கு மாத்திரை: அந்த முதல் மூன்று நாள்

புரசைவாக்கத்தில் எங்கள் கிளினிக்குக்கு அக்கியோடு வருபவர்களில் பலர் விலாவில் செங்காவியோடுதான் வருவார்கள். குயவர் வீட்டில் எழுதிக்கொண்டு, "மூணு நாள் பார்த்துட்டு வரலாம்னு இருந்தேன் டாக்டர்" என்பார்கள். காவியோடு எனக்குச் சண்டையில்லை, கொப்புளம் உடைந்த இடத்தில் மட்டும் பூச வேண்டாம் என்பேன். காத்திருந்த அந்த மூன்று நாள்தான் பிரச்சினை.

சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது நரம்பு வேரில் தங்கிவிட்ட வைரஸ், எதிர்ப்புச் சக்தி குறையும்போது மறுபடி கிளம்புவதுதான் அக்கி. மாத்திரை அது பெருகுவதைத் தடுக்கிறது. அதனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் ஐந்து வேளை, ஏழு நாள். வாலசைக்ளோவிர் என்றால் 1 கிராம், மூன்று வேளை. கையில் கொண்டுவரும் பழைய சீட்டுகளிலோ 400 மி.கி. மூன்று வேளை, ஒரு களிம்பு, நரம்புக்கென்று ஒரு ஊசி என்றிருக்கும். அந்த 400, அக்கி வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஹெர்பிஸ் வைரஸுக்கான கணக்கு. களிம்பு இதற்கு உதவாது.

எல்லோருக்கும் எழுத வேண்டுமா? முதுகில் நாலு கொப்புளம், வலி அதிகமில்லை, முப்பது வயது, வேறு நோயில்லை என்றால் நான் அவசரப்படுவதில்லை. ஐம்பதைத் தாண்டியவர், கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர் கதை வேறு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 72 மணி நேரம் கடந்திருந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும். கொப்புளம் உடம்பெங்கும் பரவினால் அட்மிஷன், ரத்தக்குழாய் வழி மருந்து.

வயதானவர் என்றதும் முழு அளவை எழுதித் தள்ளுவதும் ஆபத்துதான். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். டயாலிசிஸில் இருப்பவருக்கு 800-ஐ ஐந்து வேளை கொடுத்தால், இரண்டொரு நாளில் ஆள் குழம்பிப்போய், இல்லாத மனிதரோடு பேச ஆரம்பிப்பார். வீட்டில் "அக்கி மூளைக்கு ஏறிடுச்சு" என்பார்கள். பாதி நேரம் ஏறியது மாத்திரை. அவருக்கு சிறுநீரக டாக்டரிடம் கேட்டுத்தான் அளவு. மற்ற முதியவர்களுக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாலைதான் வரும் என்றால், காலையில் முதல் மாத்திரையைத் தொடங்கிவிட்டு அப்புறம் அளவை மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லுங்கள். குடிக்கக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு அல்ல.

நெற்றியில் வந்து மூக்கு நுனியிலும் கொப்புளம் தெரிந்தால், கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையைத் தொடங்கிவிட்டு அன்றைக்கே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள், கண் சிவக்கவில்லை என்றாலும்.