மழுங்கியது கிளிப்பர் பிளேடா, வேறேதாவதா?

நாய்க்கு முடி வெட்டும் கிளிப்பரில் இருப்பது கத்தி அல்ல, கத்தரிக்கோல். பிளேடைக் கழற்றினால் இரண்டு தகடுகள் தெரியும். தோலைத் தொட்டு நகரும் கீழ்த்தகடு சீப்பு. அதன்மேல் நிமிடத்துக்கு 2,500 முதல் 4,500 தடவை வரை இடமும் வலமுமாக ஓடுவது கட்டர். சீப்பின் பல்லிடுக்கில் நுழைந்த முடியை கட்டரின் பல் வந்து நறுக்கும். தையல்காரரின் கத்தரியில் திருகாணி தளர்ந்தால் துணி நடுவில் மடிந்து மாட்டிக்கொள்கிறதே, அதே கோளாறு இதிலும் வரும். முனை கூராகவே இருக்கும். தகடுகள் ஒன்றையொன்று ஒட்டாததால் முடி நசுங்கும், பிடுங்கும், நாய் துள்ளும்.

தகடுகள் ஒட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேய்த்த பக்கம் பார்வைக்குச் சமதளம். ஸ்டீல் ஸ்கேலைப் பல் நுனியிலிருந்து பின்பக்கம் வரை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனியிலும் பின்விளிம்பிலும் மட்டும் ஸ்கேல் ஒட்டும். நடுவில் மயிரிழை அளவுக்கு ஒளிக்கீற்று தெரியும். அந்தக் குழிவு இருப்பதால்தான் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுக்கப் பல் நுனிக்குப் போகிறது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் குழிவு போய்விடும். ஓசூர் சிப்காட் பக்கம் சர்ஃபேஸ் கிரைண்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை; அங்கே கொடுத்தால் கண்ணாடி மாதிரி தட்டையாக்கித் தருவார்கள். வேலை சுத்தம், பிளேடு வீண். குழிவாகத் தேய்க்கும் வட்டு வைத்திருப்பவரிடம் மட்டுமே அனுப்ப வேண்டும்.

அனுப்பும் முன், உண்மையிலேயே மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இருக்காது. கட்டரைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தபடி நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதுவும் சரியென்றால் புது பிளேடு ஒன்றை மாட்டிப் பாருங்கள். அதுவும் கோடு கோடாக விட்டுப் போனால் பழி பிளேடு மேல் இல்லை. கட்டரை ஆட்டும் பிளாஸ்டிக் நெம்புகோல் தேய்ந்து, ஆட்டத்தின் நீளம் குறைந்திருக்கும். பிளேடு விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. கிளிப்பரையே மாற்றச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்கும் முன் இதை மாற்றுங்கள்.

நிஜமாகவே மழுங்கச் செய்வது மண். எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவில், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமம் 7; கடினப்படுத்திய எஃகு ஏறக்குறைய 6.5. கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குவாரிப் பக்கம், லாரி ஓடும் ரோட்டோரம் வளரும் நாயின் அடிமுடியில் அந்தத் தூசிதான் படிந்திருக்கும். குளிப்பாட்டாமல் கிளிப்பரை வைத்தால் ஒவ்வொரு துகளும் பிளேடுக்கு அரம். ஆகவே முதலில் குளியல், பிறகு வேர் வரை உலர்த்தல், அப்புறம்தான் வெட்டு. ஈரமுடி பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும், துருவும் பிடிக்கும்.

குளியலிலும் ஒரு சிக்கல். தருமபுரி போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் ஒட்டும், உலர்ந்தால் பிளேடை அடைக்கும். சோப்புக்குப் பதில் நாய் ஷாம்பூ போடுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் கடைசி அலசலுக்கு அதை எடுத்துவைப்பது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். கிளிப்பருக்கான மெல்லிய மினரல் எண்ணெய், 5 சொட்டு: பல் வரிசையில் 3, கட்டரின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. 10 விநாடி ஓடவிட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும், நடுவில் 15 நிமிடத்துக்கொரு தடவையும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி மாத ஓசூரில் காலையில் கிளிப்பர் முனகும்போது காரணம் புரியும்.

எண்ணெய் குறைந்தால் உராய்வு, உராய்ந்தால் சூடு. கைமணிக்கட்டின் உட்பக்கம் பிளேடைத் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காத சூடு நாயின் அடிவயிற்றுக்கும் பொறுக்காது. குளிர்விக்கும் ஸ்பிரே ஆவியாகிச் சூட்டை இழுக்கும், கூடவே எண்ணெயையும் கழுவிவிடும். அடித்தபின் திரும்ப எண்ணெய் விட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, ஒரே அளவில் இரண்டு பிளேடு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது. கழற்றிய பிளேடை மரமேசையில் வைக்காமல் கிரானைட் துண்டின்மேல் கவிழ்த்து வையுங்கள். கல் மரத்தைவிட வேகமாகச் சூட்டை வாங்கும். அடுப்பு மேடை போட்ட வீட்டில் வெட்டிப்போட்ட துண்டு கேட்டால் சும்மாவே கிடைக்கும்.

வாங்கும்போது பிளேடு நம்பரைத் தலைகீழாக நினைவில் வையுங்கள்: நம்பர் கூடினால் முடி குட்டை. 10 என்றால் 1.5 மில்லிமீட்டர் மிஞ்சும், 30 என்றால் அரை மில்லிமீட்டர், 4எஃப் என்றால் 9.5. எஃப் என்பது எல்லாப் பல்லும் ஒரே நீளம். ஒன்றுவிட்டு ஒன்று நீண்ட பல் உள்ளது சிக்குமுடியில் நன்றாக ஓடும், ஆனால் காது விளிம்பு, அக்குள் மடிப்பில் தோலையும் சேர்த்து இழுக்கும். செராமிக் கட்டர் சூடு குறைவு. கை தவறினால் இரண்டு துண்டு. பிரித்து மாட்டியபின் கட்டரின் நுனி சீப்பின் நுனியைவிட ஒரு மில்லிமீட்டராவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நீட்டினால் தோல் கிழியும். சீப்பில் ஒரு பல் உடைந்தாலும் அந்த பிளேடு குப்பைக்கு.

கையால் வெட்டும் கத்தரிக்கோலில் திருகாணி இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரே சோதனை. ஒரு வளையத்தைப் பிடித்து, மற்ற அலகை 90 டிகிரிக்கு விரித்து விடுங்கள். அது இறங்கி, முழுக்க மூடுமுன் பாதிவழியில் நிற்க வேண்டும். டக்கென்று மூடினால் திருகாணியைக் கால்சுற்று இறுக்குங்கள். அசையவே இல்லையென்றால் அவ்வளவே தளர்த்துங்கள்.