சிக்னல் போனால் நிவாரணம் கிடைக்குமா? டிராய் விதி சொல்வது

பத்து நிமிடம் சிக்னல் போய்த் திரும்பினால் பெரும்பாலோர் மறந்துவிடுவோம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒருவருக்கு வங்கி ஓடிபி வர வேண்டியிருக்கும், இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். இதற்கு நிறுவனம் ஏதாவது தர வேண்டுமா? இப்போதைய விதிப்படி, குறுகிய தடைக்கு எதுவும் கிடையாது. நீண்ட முடக்கத்துக்குத்தான் நிவாரணம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளில் இது வருகிறது. ஒரு மாவட்டத்தில் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், நிறுவனம் அதை 24 மணி நேரத்துக்குள் டிராய்க்குத் தெரிவித்தாக வேண்டும். முடக்கம் 24 மணி நேரத்தையும் தாண்டினால்தான் நமக்குப் பலன்: போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. 2025 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லையென்றால் அதை முழு நாளாகக் கணக்கிடுவார்கள். இயற்கைப் பேரிடரால் வந்த முடக்கத்துக்கு இது பொருந்தாது. உங்கள் எண் அந்த மாவட்டத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும்.

மாவட்டத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே டவரை நம்பியிருக்கும் கிராமத்துக்கு இந்த அளவுகோல் எப்படிப் போதும்?

சரி, சிக்னல் ஏன் போகிறது? கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும். அதுவும் தீர்ந்து, ஜெனரேட்டரும் இல்லையென்றால் டவர் நின்றுவிடும். மென்பொருள் மாற்றும்போதும் தடங்கல் வரும். அப்புறம், சாலை தோண்டும் ஜேசிபி. மண்ணுக்குள் போகும் ஃபைபர் கேபிளில் ஒரு வெட்டு விழுந்தால் பல டவர்கள் ஒன்றாகப் படுத்துவிடும். இப்படித் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று அரசே சொல்கிறது. அதற்காகத்தான் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி வந்தது. தோண்டப்போகிறவர் அதில் பதிந்தால், கேபிள் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போகும்.

உங்கள் பகுதியில் அடிக்கடி சிக்னல் போகிறதென்றால் நிறுவனத்தின் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வாங்கி வையுங்கள். தீர்வு சரியில்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; கட்டணம் இல்லை. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. அவசரம் என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்: உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும், அங்கே வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியாக 112 போக வாய்ப்புண்டு. அடித்துப் பாருங்கள்.